நூற்றெட்டு மணிகளும் அண்ணன் வைத்த கரையும்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஜப்பானில் ஒரு சிறிய புத்தர் கோயிலில், கறுப்பு உடை அணிந்த இருபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு ஜெபமாலையை உள்ளங்கைக்குள் மறைக்க முயன்றுகொண்டிருந்தேன். நூற்றெட்டு மர மணிகள் கோத்த மாலை யாருடைய உள்ளங்கையிலும் அடங்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆகியிருக்கிறது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் குமார். சொந்த ஊர் ஆரணி. பதினேழு வருடமாகக் கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில், துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். உபதொழில், பயப்படுவது. நகராட்சியிலிருந்து கடித உறை வந்தால் போதும், நாடு கடத்தப் போகிறார்கள் என்று முடிவு செய்து பெட்டியைத் தூசி தட்டுவேன். பதினாறு வயது மகள் நிலா உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, "பா, பிளாஸ்டிக் குப்பை போடுற நாள் செவ்வாய்லேர்ந்து வியாழனுக்கு மாறிடுச்சாம்" என்பாள். மனைவி விஜயா பெட்டியை மறுபடி பரணில் ஏற்றுவாள்.

பக்கத்து வீட்டுத் தக்கேதா என் பயத்தை முதலில் பார்த்தது ஒரு நிலநடுக்கத்தின்போது. இந்த ஊர்க்காரர்கள் தேநீரைக்கூடக் கீழே வைக்காத அளவுக்குச் சின்ன நடுக்கம். நான் லுங்கியோடு தெருவுக்கு ஓடிவந்து நின்றேன். கையில் குக்கர். ஏன் குக்கர் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. தக்கேதா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியதை எனக்குத் தெரிந்த ஆரணி பாஷையிலேயே எழுதுகிறேன், அதில்தான் அது சரியாக வரும்.

"குமார் சான், குக்கரக் காப்பாத்திட்ட. நல்லது. பொண்டாட்டி எங்க?"

அன்று தொடங்கியது எங்கள் சிநேகிதம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் தேங்காய் ஓட்டைவிட மெல்லியது. தினமும் காலை ஆறரைக்கு அந்தப் பக்கமிருந்து 'ஜர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். உலர்ந்த பாதாம் கொட்டைகளை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் வருமே, அது. தக்கேதா ஜெபமாலையைத் தேய்க்கிற சத்தம். அவர்கள் பிரிவில் ஜெபத்துக்கு முன்னும் பின்னும் அப்படித் தேய்ப்பது வழக்கம். பிறகு முணுமுணுவென்று எண்ணிக்கை ஓடும். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும். "ஓய், டீ ஆச்சா?" என்று ஒரு குரல். சமையலறையிலிருந்து அவர் மனைவி, "ஹாய், ஹாய்." நம் ஊரில் "தோ வரேன், தோ வரேன்" என்போமே, அதுதான். மறுபடி முணுமுணுப்பு. மறுபடி நிற்கும். "என் கண்ணாடி எங்க?" "ஹாய், ஹாய்." நூற்றெட்டு முடிவதற்குள் அந்த அம்மாள் நாலு தடவை பதில் சொல்லியாக வேண்டும்.

நூற்றெட்டு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். மனிதனை வாட்டுகிற மனக்கசடுகள் நூற்றெட்டாம். கோபம், பேராசை, பொறாமை, மயக்கம் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொரு மணியாக விரலால் நகர்த்தும்போது ஒவ்வொன்றையும் தள்ளிவிட வேண்டும்.

"அதுல பயம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. எனக்கு ஒரு மணி. உனக்கு நூத்தியெட்டும் அதேதான்."

2

இங்கே ஒரு வழக்கம். ஜெபமாலையை இரவல் வாங்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. சாவு வீட்டுக்குப் போனாலும் அவரவர் மாலை அவரவர் கையில் இருக்க வேண்டும். புருஷன் மாலையைப் பெண்டாட்டி எடுக்க மாட்டாள். சீப்பு மாதிரி, பல் துலக்கும் பிரஷ் மாதிரி, அதைவிடவும் சொந்தமானது. ஆனால் ஆள் போன பிறகு நினைவுப் பொருளாக அதை வேறொருவருக்குக் கொடுப்பதுண்டு.

போன வருடம் தக்கேதா போய்விட்டார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி, நாங்கள் தக்கேதாம்மா என்று கூப்பிடுகிறவர், வாசலில் வந்து நின்றார். கையில் துணிப்பை. உள்ளே அந்த மாலை. பிளம் மரத்து மணிகள். நாற்பது வருடம் டிரைவர் கை பட்டுப் பட்டுச் சிவந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அவரு உனக்குன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். வருஷ திதி அன்னிக்குக் கோயிலுக்கு எடுத்துகினு வா. ஒரே ஒரு தடவ தேச்சுக் காட்டு. அந்த சத்தத்த நான் கேக்கணும். வீடு ரொம்ப அமைதியாப் போச்சு."

சரி என்றேன். வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சரி என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

வருடம் முழுக்கப் பழகினேன். முதல் வாரம் நிலா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பா, மிளகு இடிக்கிறியா?" என்றாள். ஆறாவது மாதம், "இப்ப கொஞ்சம் தாத்தா மாதிரி இருக்கு" என்றாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி விட்டதும் தக்கேதா வீட்டில்தான் கிடப்பாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் பாதி நேரம் ஜப்பானியத்தில் ஒற்றை வார்த்தை பதில்தான் வரும். அதனால் மிளகு இடிப்பதாகச் சொன்னதைக்கூட நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

3

திதிக்கு இரண்டு வாரம் முன்பு அண்ணன் மகளுக்கு ஆரணியில் கல்யாணம். நிலாவுக்குப் பரீட்சை இருந்ததால் நான் மட்டும் கிளம்பினேன். மாலையைப் பையில் வைப்பதை விஜயா பார்த்துவிட்டாள்.

"அது எதுக்கு ஊருக்கு?"

"பிளேன் ஆடினா எண்றதுக்கு."

"பிளேன் ஆடினா பெல்ட்டப் போடுங்க. அத வச்சிட்டுப் போங்க. தொலச்சிடுவீங்க."

தொலைக்கவில்லை. அறுத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை. அண்ணன் சேகர் குழித்தறியில் உட்கார்ந்து அரக்குச் சேலை ஒன்றை நெய்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெரு ஆட்கள் நாலைந்து பேர் ஜப்பான் கதை கேட்க வந்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் நான் நிறுத்துகிறவன் இல்லை. பூகம்பம், குக்கர் எல்லாம் சொல்லி முடித்து, "அந்த சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று மாலையை எடுத்து, கூட்டத்துக்காகக் கொஞ்சம் வேகமாகவே தேய்த்தேன்.

'ஜர்ர்' என்று ஆரம்பித்த சத்தம் 'பட்' என்று முடிந்தது.

மணிகள் சிதறி ஓடின. தறிக்குக் கீழே, அரிசி டின்னுக்குப் பின்னால், வாசல்படி தாண்டித் தெருவுக்கு. நான் தரையில் விழுந்தேன். மயங்கியதாகச் சிலர் நினைத்தார்கள், பொறுக்கத்தான் விழுந்தேன்.

"யாரும் நடக்காதீங்க. காலத் தூக்காதீங்க. அண்ணி, துடப்பம் வேணாம்."

"நடக்காம எப்படித் தம்பி தேடறது?" என்றார் மல்லிகா அண்ணி. கேட்டுக்கொண்டே கட்டில் அடியிலிருந்து பத்து மணிகளை முறத்தில் வாரிவிட்டார்.

தறி ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடிடா குமாரு. ஜப்பான்ல இருந்து பேஜாரத்தான் கத்துகினு வந்தியா?"

முறத்தில் கொட்டி எண்ணினோம். இந்த மாலையின் கணக்கை இங்கே சொல்ல வேண்டும். ஒரே அளவில் நூற்றெட்டு. அவற்றைவிடச் சிறியவை நான்கு. குஞ்சம் தொங்கும் பெரிய மணிகள் இரண்டு, எதிரெதிரே. அவற்றில் ஒன்றைத் தாய்மணி என்பார்கள். பெரியவை கிடைத்தன. சிறியவை நான்கும் கிடைத்தன. மற்றவை நூற்றேழு. திரும்ப எண்ணினோம். நூற்றேழு. அண்ணி எண்ணினார். நூற்றேழு.

"குழிக்குள்ள போச்சு" என்றேன். "நான் கண்ணால பாத்தேன். மிதிகட்டைக்கு அடியில உருண்டுது."

"பாத்தியா?"

"சத்தியமா."

அண்ணன் பெருமூச்சு விட்டார். முக்கால் சேலை முடிந்த தறி. அதை நிறுத்திவிட்டுக் குழியில் இறங்கி, மிதிகட்டைகளின் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அடியில் சேர்ந்திருந்த நூல் பஞ்சை வழித்து மேலே போட்டார். அதில் ஒரு பழைய பேனா மூடியும், அண்ணியின் காணாமல் போன கம்மலின் திருகும் கிடைத்தன. அண்ணி ஜப்பானுக்கு நன்றி சொன்னார். மணி மட்டும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் மாமனார் வாசலில் நுழைந்தார். பெரியவர் வந்தால் மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்து விட வேண்டுமே. எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் கை தானாகப் போகும். அவிழ்த்து விட்டேன். லுங்கி மடிப்புக்குள்ளிருந்து 'டொக்' என்று ஏதோ சிமெண்டுத் தரையில் விழுந்து, இரண்டு சுற்று சுற்றி, மாமனார் செருப்பருகில் போய் நின்றது.

குழிக்குள்ளிருந்து அண்ணனின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மீசையெல்லாம் பஞ்சு.

"கண்ணால பாத்த?" என்றார்.

4

உதிரியாகவே கொண்டுபோய் ஜப்பானில் கடையில் கொடுத்துக் கோத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணனுக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

"ஆரணில நூலுக்கா பஞ்சம்? நீ போளூர் போய் உங்க மாமனாரப் பாத்துட்டு ஜல்தியா வா. சாயங்காலம் ரெடியா இருக்கும்."

போய்விட்டுத் திரும்பினேன். ரெடியாக இருந்தது. பழைய காவி நூலுக்குப் பதில் அரக்குப் பட்டு நூல், பல இழைகளை முறுக்கி ஏற்றியது. குஞ்சத்தில் ஒரு சரிகை இழை கூட ஓடியது. முடிச்சைத் தேடினேன், காணோம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில், புதியதைப் பழையதோடு சேர்க்கும்போது நெசவுக்காரர்கள் முடிச்சுப் போட மாட்டார்கள். விரலில் சாம்பல் தொட்டு இழையோடு இழையை வைத்து ஒரு முறுக்கு, அதோடு சேர்ந்துவிடும். பிணைப்பு என்பார்கள். அண்ணன் பூஜை அலமாரி விபூதியைத் தொட்டுப் பிணைத்திருந்தார்.

தேய்த்துப் பார்த்தேன். 'ஜர்ர்ர்.' பழையதைவிடக் கொஞ்சம் கணீரென்று. அண்ணன் காலில் விழப் போனேன். "போதும், வேற எதனா விழுந்துடப் போவுது" என்றார்.

சென்னை விமான நிலையத்தில் சோதனைக்காரர் பையிலிருந்து மாலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு மரம். என் பாஸ்போர்ட்டில் திருவண்ணாமலை மாவட்டம். எங்கள் மாவட்டத்து மலைப்பக்க ஆட்கள் செம்மர வழக்கில் பிடிபடும் செய்தி எல்லாம் ஒரே நொடியில் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

"செம்மரம் இல்ல சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "நான் ஒண்ணுமே கேக்கலையே."

"இல்ல சார், நீங்க கேப்பீங்கன்னு..."

"எந்த ஊரு?"

"ஆரணி."

"ஆரணின்னா பட்டுதானே. நீங்க ஏன் மரத்தப் பத்திப் பேசறீங்க?" குஞ்சத்தை விரலில் உருட்டிப் பார்த்தார். "நூல் நல்லாருக்கு. யாரு கட்டுனது?"

"எங்க அண்ணன் சார்."

"நல்ல வேலைக்காரரு. போங்க."

அந்த ஒரு வார்த்தையாலேயே விமானம் ஆடியபோதுகூட நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. பாதி மாலைதான் எண்ணினேன்.

5

திதிக்கு மூன்று நாள் முன்பு வீடு வந்து சேர்ந்தேன். விஜயாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. நூலின் நிறத்தைப் பார்த்ததும் அவளே சொல்லிவிட்டாள். "அறுத்துட்டீங்க."

நிலா மாலையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தள்ளினாள். ஆறு, ஏழு, எட்டு. நின்றாள். கண்ணைத் திறந்தாள்.

"சின்ன மணி எங்க?"

"இருக்கே. நாலும் இருக்கு."

"இங்க இல்லையே. தாய்மணிலேர்ந்து ஏழு மணி தள்ளி ஒண்ணு. அதுலேர்ந்து பதினாலு தள்ளி ஒண்ணு. ரெண்டு பக்கமும் அப்படித்தான். வெரல் அங்க நிக்கணும், தாத்தா சொல்லிக் குடுத்தாரு. எண்ணிக்க தப்பாம இருக்க அடையாளம் அது."

சிறிய மணிகள் நான்கும் தாய்மணிக்கு இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாக, நெருக்கி, அழகாக உட்கார்ந்திருந்தன. அண்ணனை வீடியோவில் பிடித்தேன். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"ண்ணா, சின்ன மணிய ஏன் எடம் மாத்தின?"

"எடமா? அது தரையிலதான் கெடந்தது. எந்த எடம்னு நீ சொன்னியா?"

கேள்வி நியாயமானது.

"பெருசுக்கு ரெண்டு பக்கமும் சின்னது வச்சுப் பாத்தேன். கரை புடிச்ச மாதிரி அம்சமா இருந்துச்சு. உடல் தனியா, கரை தனியா. இல்லன்னா சும்மா மொட்டையா இருக்கும்டா."

ஜெபமாலைக்குச் சேலைக்கரை வைத்த முதல் மனிதர் என் அண்ணனாகத்தான் இருப்பார்.

"சரிண்ணா, அவுத்து மாத்திக்கிறேன். முடிச்சு எங்க இருக்குது?"

தறி நின்றது. "முடிச்சா? என்னப் பாத்தா முடிச்சுன்ற? அது பிணைப்பு. கண்டுபுடி பாக்கலாம்."

"கிடைக்கலையே."

"கிடைக்காது. அறுக்கத்தான் வேணும். அறுத்தா நீயே பிணைச்சிக்கோ."

"எனக்கு வராதேண்ணா."

"தெரியும். பிணைக்கக் கூப்டப்பலாம் கிரிக்கெட் ஆடப் போய்கினு இருந்தவன்தானே நீ."

ஜெபமாலைக் கடைக்குத் தொலைபேசினேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது இரண்டு நாள். தக்கேதாம்மா நாற்பது வருடமாகப் பார்த்த மாலை. ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அவர் கேட்டது ஒரே ஒரு சத்தம். அதற்காகப் புருஷன் மாலையை நம்பிக் கொடுத்தார். நான் அதை ஆரணியில் வித்தை காட்டி அறுத்து, லுங்கியில் மறைத்து, கரை வேறு வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

"சொல்லிடுங்க" என்றாள் விஜயா.

"கையால மறைச்சிக்குறேன்" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று நிலா ஒரு மன்னிப்பு வாக்கியத்தை ஜப்பானியத்தில் எழுதிக் கொடுத்தாள். மூன்று வரி. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

6

கோயிலில் முதல் வரிசையில் தக்கேதாம்மா. இரண்டாவது வரிசையில் நான், விஜயா, நிலா. பிக்கு வந்தார், ஓதினார். ஒவ்வொருவராக எழுந்து போய் ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூளைத் தணலில் போட்டு வணங்கினோம். எல்லோர் கையிலும் அவரவர் மாலை. விஜயாவுக்கும் நிலாவுக்கும்கூட மலிவுக் கடையில் வாங்கிய சின்ன மாலைகள். என் கையில் மட்டும் மாலைக்கு மேல் கைக்குட்டை, கைக்குட்டைக்கு மேல் இன்னொரு கை.

ஓதி முடித்த பிக்கு என் பக்கம் திரும்பினார். மண்டியிட்டு உட்கார்ந்து பழக்கமில்லாத வெளிநாட்டுக்காரன் என்று பரிவோடு பார்த்து, கால் வலிக்கிறதா என்று கேட்டார்.

சென்னையில் செய்ததையே செய்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

எழுதி வைத்த மூன்று வரியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது முழுக்கத் தமிழ், அதுவும் ஆரணித் தமிழ். "ம்மா, மன்னிச்சிடுங்கம்மா, ஊருக்கு எடுத்துகினு போனது தப்பு, வேகமாத் தேச்சது தப்பு..." என்று போய்க்கொண்டே இருந்தது. இருபது பேரும் என்னையே பார்த்தார்கள். பிக்கு என் காலைப் பார்த்தார். அவ்வளவு வலியா என்று.

பக்கத்தில் நிலா எழுந்து நின்றாள். நான் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். என் ஆரணித் தமிழின் ஒவ்வொரு வார்த்தையும் இவளுக்குப் புரிகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குழித்தறியைச் சொன்னாள். அண்ணன் மீசையில் பஞ்சைச் சொன்னாள். நான் விட்டுவிட்ட லுங்கி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னாள். அதை அண்ணி அவளுக்குத் தனியாக போனில் சொல்லியிருக்கிறார்.

தக்கேதாம்மா கையை நீட்டினார். கைக்குட்டையை எடுத்துவிட்டு மாலையைக் கொடுத்தேன். அரக்குக் குஞ்சத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, தாய்மணியை ஒட்டிய இரண்டு சின்ன மணிகளைத் தாண்டி, மற்ற மணிகளைத் தள்ள ஆரம்பித்தார். ஏழு தாண்டிப் போனார். இருபத்தொன்று தாண்டிப் போனார். எங்கும் நிற்காமல் விரல் பாதி வட்டம் ஓடி, எதிர்ப்பக்கத்துப் பெரிய மணியைத் தாண்டி, மீதிப் பாதியும் ஓடி, கடைசியில் தாய்மணிக்கு மறுபக்கத்து இரண்டு சின்ன மணிகளில் வந்து முட்டியது.

கண்ணைத் திறந்தார்.

"இந்த நாலு சின்ன மணியிலதான் அவரு நின்னுடுவாரு" என்றார். "நின்ன எடத்துல எல்லாம் என்னக் கூப்புடுவாரு. டீ, கண்ணாடி, செருப்பு, பேப்பரு. நாப்பது வருஷம் ஒரு நாளாவது ஒரே மூச்சுல நூத்தியெட்டையும் முடிச்சாரா? இல்ல. உங்க அண்ணன் நாலையும் நடுவுல இல்லாம மொதல்லயும் கடைசியிலயும் தள்ளிட்டாரு. இனிமே முழுசா முடிச்சிட்டுக் கூப்புடட்டும். இத மாத்தாத."

நிலா அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். எனக்கு ஜப்பானியம் தெரியும் என்பது அவளுக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது.

மாலை திரும்ப என் கைக்கு வந்தது. "தேய்" என்றார் தக்கேதாம்மா.

இரண்டு நடுவிரலிலும் மாட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்தேன். பிணைப்பு விட்டுவிட்டால் இந்த முறை மணிகள் புத்தர் மேடைக்குக் கீழேதான் ஓடும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் தேய்த்தேன்.

'ஜர்ர்ர்ர்.'

ஆறரை மணிச் சத்தம். அதேதான்.

முதல் வரிசையிலிருந்து, தலை நிமிராமல், யோசிக்காமல், "ஹாய், ஹாய்" என்றார் தக்கேதாம்மா. எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றியும்விட்டார்.

பிக்கு கூரையைப் பார்த்தார். தக்கேதாம்மா ஊன்றிய கையைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து நிலா சிரித்தாள், விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், பின்வரிசையில் தக்கேதாவோடு வேலை பார்த்த பழைய பஸ் டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடனே எழ முடியவில்லை. கால் உண்மையிலேயே மரத்துப் போயிருந்தது.

சாயங்காலம் அண்ணன் அழைத்தார். தறியை நிறுத்திவிட்டுப் பேசினார். அது அவருக்குப் பெரிய மரியாதை.

"இன்னாடா ஆச்சு? சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா" என்றேன். "பதிலும் வந்துச்சு."